கதை இருக்கிறது, கிடைக்கத்தான் மாட்டேன் என்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெங்களூரு காக்ஸ் டவுனிலிருந்து எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளம்தான், இடமில்லை என்றால் வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் குறிச்சொல் பற்றிச் சொல்வதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள், அதற்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

இப்போது எல்லா ஊரிலும் பெரியவர்களின் கதைகளைச் சேர்க்கிறார்கள். ரொம்ப நல்ல காரியம். பாட்டி தாத்தாக்களை உட்கார வைத்துப் பேசச் சொல்லி, செல்போனில் பதிந்து, எழுத்தாக்கி, வீட்டிலிருக்கிற பழைய போட்டோ ஒன்றிரண்டையும் சேர்த்து இணையத்தில் ஏற்றிவிடுகிறார்கள். பெங்களூருத் தமிழர்களில் அப்படிச் செய்கிற பிள்ளைகள் குழுவொன்றோடு நானும் இருக்கிறேன். கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்பதால் எனக்கு வந்து சேர்ந்த வேலை குறிச்சொல் பார்ப்பது, அதாவது தேடுகிறவர் கண்டுபிடிப்பதற்காகக் கதையின் கீழே போடுகிற சின்னச் சொல், பிள்ளைகள் 'டேக்' என்று சொல்கிறார்களே, அது. இந்த வேலையில் இருந்துகொண்டு மற்ற ஊர்க்காரர்கள் நடத்துகிற தளங்களையும் பார்க்கும்போது எனக்கு மனசு பொறுக்கவில்லை. கதை சேர்ப்பதில் காட்டுகிற அக்கறையில் கால்வாசிகூட அதற்குக் குறிச்சொல் போடுவதில் இல்லை.

என்ன நடக்கிறது என்றால், கதையை ஏற்றுகிற திரையில் எல்லாவற்றையும் நிரப்பிக் களைத்த பிறகு, கடைசியில் ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் 'நினைவுகள், வாழ்க்கை, பாட்டி, தமிழர்' என்று நாலு வார்த்தையைத் தட்டிவிட்டு ஆளைவிடு என்று பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். தளத்தில் இருக்கிற எல்லாக் கதையும் நினைவுதான். எல்லாவற்றிலும் வாழ்க்கை இருக்கிறது. பாதிக்கு மேல் பாட்டி இருக்கிறாள். 'நினைவுகள்' என்பதைத் தட்டினால் தளமே மொத்தமாக வந்து நிற்கும், தேடி வந்தவர் நாலு கதை பார்த்துவிட்டுப் போய்விடுவார். இன்னொரு பக்கம், 'சித்தப்பா ஓட்டிய ஜட்கா வண்டி' என்று நீளமாக ஒரு குறிச்சொல் போட்டிருப்பார்கள், அதன் கீழே அந்த ஒரே ஒரு கதைதான் என்றைக்கும் இருக்கும். அங்கே வெறுமனே 'ஜட்கா' என்று போட்டிருந்தால் சிவாஜிநகர் ஜட்கா ஸ்டாண்டைப் பற்றிச் சொன்னவரும், குதிரைக்கு லாடம் அடித்தவரும், ஜட்காவில் பள்ளிக்கூடம் போனவரும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்திருப்பார்கள்.

குறிச்சொல்லுக்கும் வகைக்கும் உள்ள வித்தியாசத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் இரண்டையும் ஒன்றாக நினைக்கிறார்கள். நூலகத்தில் ஒரு புத்தகத்தை ஒரு அலமாரியில்தான் வைக்க முடியும், அதனால் இது வரலாறா, தொழிலா, சமையலா என்று ஏதாவது ஒன்றை முடிவு செய்தே ஆக வேண்டும். இணையத்தில் அந்தக் கட்டாயம் இல்லை. கல்யாண வீட்டில் ஒரே மனுஷர் ஒருவருக்கு மாமா, ஒருவருக்குப் பெரியப்பா, ஒருவருக்குச் சம்பந்தி, அவரவர் அவரவருக்குப் பழகின முறையைச் சொல்லிக் கூப்பிட்டால் அவர் திரும்பிப் பார்ப்பார். கதையும் அப்படித் திரும்பிப் பார்க்க வேண்டும், அதற்குத்தான் ஒரே கதைக்குப் பல குறிச்சொற்கள். 2003ல் இணையப் பக்கங்களைக் குறித்துவைக்கிற டெலிஷியஸ் என்ற தளத்திலும் அடுத்த வருஷம் போட்டோ ஏற்றுகிற ஃபிளிக்கரிலும் ஜனங்கள் தங்கள் இஷ்டத்துக்கு வார்த்தை போட்டு அடுக்க ஆரம்பித்த பிறகுதான் இந்தப் பழக்கம் பரவியது, 2007க்குப் பிறகு ஹேஷ்டேக்கும் சேர்ந்துகொண்டது. ஹேஷ்டேக் அன்றைக்குப் பேச்சைக் கூட்டுவதற்குச் சரி, இருபது வருஷம் கழித்து ஒருவர் தேடிக்கொண்டு வருவதற்கு அது போதாது.

"சர்ச் பாக்ஸ் இருக்கே ஆன்ட்டி, கூகுள் இருக்கு, இப்போ ஏஐ வேற வந்துடுச்சு, அப்புறம் எதுக்கு டேக்?" என்று எங்கள் பிள்ளைகளே கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, அதற்கு மூன்று விதமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பல கதைகள் வெறும் குரல் பதிவாக இருக்கின்றன, எழுத்தாக்க ஆள் இல்லை, தேடல் பெட்டி அதில் எதைப் பிடிக்கும்? எழுத்தாக இருந்தாலும் தமிழ்ச் சொல் நின்ற இடத்தில் நிற்காது. 'பட்டாளம்' என்று தேடுகிறவருக்கு 'பட்டாளத்தில் இருந்தார்' என்று எழுதிய கதை பல தளங்களில் வராது, 'குளம்' தேடினால் 'குளத்தங்கரை' வராது. அதைவிடப் பெரிய விஷயம், கதை சொல்கிறவர் அந்தச் சொல்லைச் சொல்லவே மாட்டார். 1980-81ல் பெங்களூரில் பொதுத்துறை ஆலைகளில் நடந்த பெரிய வேலைநிறுத்தம் நினைவிருக்கிறவர்கள் நிறையப் பேர். அந்தக் காலத்தைப் பற்றிப் பேசுகிற ஓர் அம்மா 'வேலைநிறுத்தம்' என்ற வார்த்தையையே எடுக்காமல், வீட்டுக்காரர் வேலைக்குப் போகாமல் சும்மா உட்கார்ந்திருந்ததையும், நகையை சேட்டுக் கடையில் வைத்ததையும், பால்காரரிடம் கடன் சொன்னதையும் மட்டும் சொல்லிவிட்டுப் போவார். எந்த இயந்திரம் அதை வேலைநிறுத்தத்தோடு கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று நம்பி உட்கார்ந்திருப்பது? அவரிடமே கேட்டு ஒரு மனுஷர் அந்தக் குறிச்சொல்லைப் போட்டால் வேலை முடிந்தது.

இனி ஊர்ப் பெயருக்கு வருகிறேன். பெங்களூரில் இதுதான் பெரிய தலைவலி. 1809ல் வெள்ளைக்காரன் இங்கே கண்டோன்மென்ட், அதாவது பட்டாளம் தங்குகிற பகுதி, அமைத்தபோது மெட்ராஸ் பட்டாளத்தோடு வந்தவர்களும், பட்டாளத்துக்குச் சமையல், துணி வெளுப்பு, கட்டடம், கடை கண்ணி என்று பின்னாலேயே வந்தவர்களும்தான் இந்தப் பக்கத்துத் தமிழர்களில் பலருக்குப் பாட்டன் பூட்டன். அந்த வட்டாரத்துக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் தண்டு. இன்றைக்கும் சிவாஜிநகரில் தண்டு மாரியம்மன் கோயில் இருக்கிறது, ஆனால் 'தண்டு' என்று தேடினால் கதை வருமா? சிவாஜிநகரே முன்னால் பிளாக்பள்ளி. 1949 வரைக்கும் கண்டோன்மென்ட் தனி நிர்வாகம், அதற்கப்புறம்தான் பெங்களூர் நகரத்தோடு சேர்ந்தது, சேர்ந்த பிறகு பெயர்களும் மாறிக்கொண்டே வந்தன. ஃப்ரேசர் டவுன் என்பது காகிதத்தில் புலகேசி நகர். சவுத் பரேட் என்பது எம்.ஜி. ரோடு. அல்சூரை அல்சூர், அலசூர், உல்சூர், ஹலசூரு என்று நாலு விதமாக எழுதுகிறார்கள். ஊரின் பெயரே 2014 நவம்பரிலிருந்து அதிகாரபூர்வமாக பெங்களூரு, வீட்டுப் பேச்சில் இன்னமும் பெங்களூர்.

ஒரு பையன், மூன்றாம் தலைமுறை, தன் கொள்ளுத்தாத்தா எந்தத் தெருவில் இருந்தார் என்று தேடி எங்களிடம் வந்தான். அவனிடம் இருந்தது ஒரு பழைய கடித உறை, அதில் பிளாக்பள்ளி என்று முகவரி, தெருப் பெயர் பாதி அழிந்திருந்தது. வேறு ஒரு தளத்தில் பிளாக்பள்ளி என்று தேடியிருக்கிறான், ஒன்றும் இல்லை என்று வந்திருக்கிறது. அதே தளத்தில் அந்தத் தெருவைப் பற்றியே ஒரு பெரியவர் மணிக்கணக்கில் பேசியிருக்கிறார், மாதா கோயில் திருவிழா, செப்டம்பர் 8ம் தேதி தேர், சந்தை, மாட்டு வண்டிப் பேட்டை என்று எல்லாம் இருக்கிறது, போட்டிருந்த குறிச்சொல் 'சிவாஜிநகர்' மட்டும். இப்படி ஆளும் கதையும் ஒரே வாசலில் வந்து நின்றும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் போகிறார்களே என்றுதான் எனக்கு ஆதங்கம்.

இதற்கு வழி இருக்கிறது. பழைய பெயர், புதுப் பெயர், எழுத்து வேறுபாடு எல்லாவற்றையும் ஒரே குறிச்சொல்லின் மாற்றுப் பெயர்களாகப் பின்னணியில் கட்டிவிடுவது. எதைத் தட்டினாலும் எல்லாக் கதையும் வரும். விக்கிப்பீடியாவோடு சேர்ந்த விக்கிடேட்டா என்ற தகவல் தளம் 2012லிருந்து இதைத்தான் செய்கிறது, ஒரு விஷயத்துக்கு ஒரு எண், அந்த எண்ணின் கீழே ஒவ்வொரு மொழியிலும் பெயர், அப்புறம் மாற்றுப் பெயர்கள். நம் ஊர்த் தளங்களுக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டாம், ஒரு எக்ஸெல் தாளில் ஆரம்பித்தாலே போதும், ஆனால் ஆரம்பிக்க வேண்டும்.

எழுத்து என்று சொன்னேன், அதிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிக்கல் இருக்கிறது, தளம் கட்டுகிற பிள்ளைகள் இதைக் கவனித்துப் படிக்க வேண்டும். 'கோலார்' என்பதில் வரும் 'கோ'வைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். 'க'வுக்குப் பின்னால் ஓகாரக் குறியை ஒரே குறியாகப் போடலாம், அல்லது இரட்டைக்கொம்பையும் துணைக்காலையும் தனித்தனியாகப் போடலாம். திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. கணினியில் எழுத்துகளைச் சேமிப்பதற்கான யூனிகோட் விதிப்படி இரண்டும் சமம்தான், ஆனால் இரண்டையும் ஒரே வடிவுக்கு மாற்றுகிற வேலையைத் தளத்தில் செய்து வைக்காவிட்டால் 'கோலார்' என்ற குறிச்சொல் இரண்டாகப் பிரிந்து, ஒன்றில் பாதிக் கதை, மற்றொன்றில் மீதிக் கதை என்று கிடக்கும், யாராலும் ஏன் என்று கண்டுபிடிக்க முடியாது. 'ஸ்ரீ' எழுத்தையும் இரண்டு விதமாகச் சேமிக்கலாம், அங்கே யூனிகோட் விதி இரண்டையும் சமமாக எடுத்துக்கொள்ளாது, நாம்தான் தனியாகச் சேர்த்து வைக்க வேண்டும். சில மென்பொருள்கள் புள்ளியையும் கொம்பையும் எழுத்தாகவே மதிக்காமல் குறிச்சொல்லை நடுவில் வெட்டிவிடுகின்றன. நீளமாகப் போட்டாலும் ஆபத்து: இணைய முகவரியில் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் குறியும் தனித்தனியாக ஒன்பது இடம் பிடிக்கும், தளம் கட்டுகிற வேர்ட்பிரஸ் மென்பொருளில் அந்த முகவரித் துண்டுக்கு மொத்தமே 200 இடம், கணக்குப் போட்டால் 22 எழுத்துகளும் குறிகளும்தான் தேறும். 'கோலார் தங்கவயல் தொழிலாளர் குடியிருப்பு' என்று போட்டால் முகவரியில் வால் அறுந்துவிடும். சின்னச் சொல்லாகப் போடுங்கள், பெயர்ச்சொல்லாகப் போடுங்கள், வேற்றுமை உருபு ஒட்டாமல் போடுங்கள். 'அல்சூரில்' வேண்டாம், 'அல்சூர்' போதும்.

கோலார் என்று வந்துவிட்டதால் தங்கவயல் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. கே.ஜி.எஃப், கேஜிஎப், தங்கவயல், கோலார் தங்கச் சுரங்கம் என்று பெயர் எழுதுவதிலேயே அங்கேயும் இந்தப் பாடுதான், ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. 1880ல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே சுரங்கம் எடுத்ததிலிருந்து வடஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து போன தமிழர்கள்தான் மண்ணுக்குள் இறங்கினார்கள், சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டர் ஆழத்துக்கு மேல் போனது, 2001 பிப்ரவரி 28ம் தேதி மூடினார்கள், அதற்கப்புறம் அந்த ஊர்ப் பிள்ளைகள் விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்கு வந்து இரவில் திரும்புகிறார்கள். இப்படிப்பட்ட ஊரிலிருந்து வருகிற கதைக்கு வெளியாள் என்ன குறிச்சொல் போடுவார்? 'சுரங்கம், தொழிலாளர், வறுமை, சோகம்'. ஒரு கதைக்கு இப்படித்தான் போட்டிருந்தது. சுரங்கத்தில் வேலை பார்த்தவரின் மனைவி, எழுபது வயதைத் தாண்டியவர், பேத்தி படித்துக் காட்டினதும் கோபப்பட்டுவிட்டார். "வறுமைன்னு யாரும்மா போட்டது? எங்க வூட்டுக்காரரு ஷிப்டு பார்த்தாரு, போனஸ் வாங்கினாரு, புள்ளைங்களப் படிக்க வெச்சோம். இதையெல்லாம் போட மாட்டீங்களா?" என்றார். சரி, நீங்களே சொல்லுங்கள் பாட்டி என்று கேட்டதற்கு அவர் சொன்ன வார்த்தைகள்: லைன் வீடு, சைரன், நைட் ஷிப்ட், சயனைடு மண்ணு, பேண்டு வாத்தியம். நான் அப்படியே குறித்துக்கொண்டேன். லைன் வீடு என்பது தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டின வீடு. சயனைடு மண் என்பது சுரங்கத்திலிருந்து தங்கம் எடுத்த பிறகு கொட்டி மலையாகக் குவிந்திருக்கிற மண், காற்றடித்தால் வீட்டுக்குள் வந்துவிடும். 'சைரன்' என்ற குறிச்சொல் இன்றைக்கு எவ்வளவு கதைகளை இழுத்துக்கொண்டு வருகிறது தெரியுமா, ஷிப்ட் மாறுகிற சைரன், ஆபத்து நேரத்துச் சைரன், சைரன் கேட்டு அடுப்பு மூட்டின அம்மாக்கள். 'சோகம்' என்று போட்டிருந்தால் இதில் ஒன்றும் நடந்திருக்காது.

அதேபோல இன்னொரு தங்கவயல்காரர் தன் கதைக்கு 'பௌத்தம்' என்று போடச் சொன்னார். தலித் மக்களுக்காகப் பாடுபட்ட அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கத்துக்கு நூறு வருஷத்துக்கு முன்பே மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது, அவர் குடும்பம் அதோடு சம்பந்தப்பட்டது. கதையில் அதைப் பற்றி ஒரு வரிதான் வருகிறது. வெளியிலிருந்து படிக்கிற யாருக்கும் அந்தக் குறிச்சொல் தோன்றவே தோன்றாது, அவருக்கோ அதுதான் முதல் குறிச்சொல். ஆகவே என் முதல் கோரிக்கை, கதை சொன்னவரிடம் கேட்காமல் குறிச்சொல் போடாதீர்கள். 'உங்கள் கதையைத் தேடி யாராவது வந்தால் என்ன வார்த்தை சொல்லித் தேடுவார்கள்?' என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும், பெரியவர்கள் அவ்வளவு அழகாகப் பதில் சொல்கிறார்கள்.

ஆனால் சொன்னவரின் வார்த்தையை மட்டும் வைத்துக்கொண்டும் நிற்க முடியாது, ஒரு ஒழுங்கும் வேண்டும், இங்கேதான் நம் ஊர்க்காரர் ஒருவரை நினைத்துப் பார்க்கச் சொல்கிறேன். சீர்காழியில் 1892ல் பிறந்து, கணக்கு வாத்தியாராக இருந்து, 1924ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர் எஸ்.ஆர். ரங்கநாதன். நூலகத்துறையில் இருக்கிற எங்களுக்கெல்லாம் அவர்தான் ஆசான். புத்தகங்களை வகைப்படுத்த 1933ல் அவர் வெளியிட்டு, பின்னால் வளர்த்துக்கொண்டே வந்த கோலன் பகுப்பு முறையில், எந்த விஷயத்தையும் ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என்று ஐந்து பக்கமாகப் பிரித்துப் பார்க்கலாம் என்றார். ஒரே பெட்டிக்குள் போட்டு அடைக்காதே, பல பக்கத்திலிருந்தும் பார் என்பதை இணையம் வருவதற்கு ரொம்ப முன்பே சொன்ன மனுஷர். கடைசிக் காலத்தை அவர் கழித்தது இந்த பெங்களூரில்தான், 1962ல் ஆவணப் பயிற்சிக்கென்று இங்கே ஒரு மையத்தை ஆரம்பித்தார், 1972ல் இங்கேயே காலமானார். அவருடைய முறையை முழுசாகப் படிக்க ஆயுசு போதாது, ஆனால் அந்த ஐந்து பக்கத்தை வீட்டு வார்த்தையில் யார், எது, என்ன செய்தார், எங்கே, எப்போது என்று வைத்துக்கொண்டால் பதினெட்டு வயதுப் பிள்ளைகூட நல்ல குறிச்சொல் போட்டுவிடும். அல்சூர் ஏரிக்கரையில் இருக்கிற மெட்ராஸ் சாப்பர்ஸ் பட்டாளத்தில் சமையல்காரராக இருந்தவரின் கதை என்றால்: சமையல்காரர், ரொட்டி, பட்டாளத்துச் சமையல், அல்சூர், 1960கள். அதற்கு மேல் அவரே விரும்பிச் சொல்கிற ஒன்றிரண்டு. ஏழெட்டுக்கு மேல் போனால் எனக்குப் பிடிப்பதில்லை, இருபது முப்பது என்று அள்ளிப் போட்ட கதைகளை நான் பார்த்திருக்கிறேன், சம்பந்தமில்லாமல் எல்லாத் தேடலிலும் வந்து நிற்கும்.

காலம் என்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். நம் பெரியவர்கள் வருஷத்தை எண்ணாகச் சொல்ல மாட்டார்கள். எமர்ஜென்சி சமயம், எம்.ஜி.ஆர். இறந்த வருஷம், பெரியவன் பிறந்த வருஷம் என்பார்கள். பிளேக் வந்த வருஷம் என்று தாத்தாவின் தாத்தா சொன்னதைச் சொல்வார்கள், அது 1898, அந்தப் பிளேக்குக்குப் பிறகு நெரிசலைக் குறைக்கத்தான் ஃப்ரேசர் டவுனே வந்தது, பிளேக் மாரியம்மனுக்கு இந்த ஊரில் இன்னமும் கோயில் இருக்கிறது. அவர்கள் சொன்ன சொல்லை ஒரு குறிச்சொல்லாகவும், '1970கள்', '1980கள்' என்று பத்து வருஷக் கணக்கில் இன்னொரு குறிச்சொல்லாகவும் போட்டுவிட்டால் இரண்டு விதமாகவும் கிடைக்கும். சரியான வருஷம் தெரியாதபோது ஒரு வருஷத்தைத் துணிந்து போடுவது தப்பு, பின்னால் வருகிறவர் அதை வரலாறு என்று எடுத்துக்கொள்வார்.

இதையெல்லாம் யார் உட்கார்ந்து செய்வது என்பீர்கள். ரசிகர்கள் எழுதுகிற கதைகளுக்கென்று ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் என்று ஒரு தளம், 2009ல் எல்லாருக்கும் திறந்தது, முழுக்கத் தன்னார்வலர்கள் நடத்துவது. அங்கே எழுதுகிறவர் தன் இஷ்டத்துக்கு எந்த வார்த்தையை வேண்டுமானாலும் குறிச்சொல்லாகப் போடலாம், ஒருவரும் அதைத் திருத்த மாட்டார்கள். ஆனால் அந்தக் குறிச்சொற்களைக் கட்டி மேய்ப்பதற்கென்றே தன்னார்வலர்கள் இருக்கிறார்கள், ஒரே பொருள் தருகிற குறிச்சொற்களைப் பின்னணியில் ஒரு தலைச்சொல்லோடு இணைத்துக்கொண்டே இருப்பார்கள். எழுதினவரின் வார்த்தை அவர் பக்கத்தில் அப்படியே இருக்கும், தேடுகிறவருக்கோ எல்லாம் சேர்ந்து கிடைக்கும். அந்தத் தளத்துக்கு 2019ல் அறிவியல் புனைகதை உலகத்தின் பெரிய விருதான ஹியூகோ விருதே கிடைத்தது. நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் சாயங்காலம் கொஞ்ச நேரம் ஒதுக்கத் தயாராக இருக்கிறார்கள், என்னைப் போல ஓய்வு பெற்ற நூலகர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறோம், எங்களை யாரும் கூப்பிடுவதில்லை. கூப்பிடுங்கள், வருகிறோம்.

பெங்களூரு, மும்பை, டெல்லித் தமிழர்களுக்கு இன்னொரு விஷயமும் சேர்ந்துகொள்கிறது. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் தமிழ் பேசுகிறார்கள், நிறையப் பேருக்குப் படிக்க வராது. பள்ளியில் கன்னடமும் இங்கிலீஷும் படித்தவர்கள். 'லைன் வீடு' என்று தமிழில் மட்டும் குறிச்சொல் போட்டால் அந்த வீட்டில் பிறந்தவரின் பேரனுக்கே அது எட்டாது. ஆகவே ஒவ்வொரு குறிச்சொல்லுக்கும் கன்னட எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் ஒரு ஜோடி வேண்டும், மும்பையில் என்றால் தேவநாகரியில். கன்னடக்காரப் பக்கத்து வீட்டாரும் அப்போதுதான் உள்ளே வந்து படிப்பார்கள். எங்கள் குழுவில் கன்னடம் தெரிந்த பிள்ளைகள் இதைச் செய்ய ஆரம்பித்த பிறகு, அல்சூர் பல்லக்குத் திருவிழாவைப் பற்றி இரண்டு மொழிக்காரர்களும் சொன்ன கதைகள் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து வந்து நின்றதைப் பார்த்தேன், எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

கடைசியாக, எனக்கு ரொம்பக் கவலை தருகிற ஒன்று. குறிச்சொல் கதையைக் கண்டுபிடித்துக் கொடுக்கும், அதே வேகத்தில் ஆளையும் கண்டுபிடித்துக் கொடுத்துவிடும். 1991 டிசம்பரில் காவிரிப் பிரச்சினையில் இந்த ஊரில் தமிழர்கள் மேல் நடந்த கலவரம் எப்படிப்பட்டதென்று இங்கே இருக்கிற தமிழர்களுக்குத் தெரியும். அதைப் பற்றிப் பேச ஒத்துக்கொள்கிறவர்களே குறைவு. பெயர் வேண்டாம் என்று சொல்லித்தான் பேசுவார்கள். பெயரை எடுத்துவிட்டு, கீழே தெருவின் பெயர், அவர் வைத்திருந்த கடை என்ன கடை, வருஷம் என்று மூன்று குறிச்சொல் போட்டால் அந்த வட்டாரத்தில் யாருக்கும் ஆள் யார் என்று புரிந்துவிடும். மூன்றும் தனித்தனியாக ஒன்றும் செய்யாது, சேர்ந்தால் முகவரிதான். இப்படிப்பட்ட கதைக்குத் தெருவை விட்டுவிட்டு நகரத்தை மட்டும் போடுங்கள், தொழிலைப் பொதுவாகப் போடுங்கள். சாதி விஷயமும் அப்படித்தான். 'பௌத்தம்' என்று போடச் சொன்ன தங்கவயல்காரர் போலத் தன் அடையாளத்தைப் பெருமையாகத் தானே சொல்லிப் போடச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், அதைப் போடாமல் மறைப்பதும் தப்பு. சொல்லாதவருக்கு நாமாக ஊகித்துப் போடுவது பெரிய தப்பு. கல்யாண வரன் பார்க்கிறவர்கள், வாடகைக்கு வீடு கொடுக்கிறவர்கள் எல்லாரும் இணையத்தில் தேடுகிறார்கள் என்பதை மறக்கக் கூடாது. போட்ட குறிச்சொல்லை எடுக்கச் சொன்னால் ஏன் என்று கேட்காமல் உடனே எடுக்க ஓர் ஆள் இருக்க வேண்டும், அந்த ஆளின் தொடர்பு கதைக்குக் கீழேயே தெரிய வேண்டும்.

உங்களிடம் கேட்பது இரண்டு. உங்கள் ஞாயிறு இணைப்புக்கு வாசகர்கள் அனுபவம் எழுதி அனுப்பும்போது, கட்டுரையோடு சேர்த்து, அதைத் தேடுகிறவர் சொல்லக்கூடிய நாலைந்து வார்த்தைகளையும், ஊரின் பழைய பெயர் புதுப் பெயர் இரண்டையும் எழுதி அனுப்பச் சொல்லுங்கள், இணையத்தில் ஏற்றும்போது அவற்றையே குறிச்சொல்லாக வையுங்கள். இன்னொன்று, பெங்களூரு கண்டோன்மென்ட் பகுதிக்கும் தங்கவயலுக்கும் ஊர்ப் பெயர், தெருப் பெயர் மாற்றுகளைத் தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்று எழுத்திலும் நாங்கள் தொகுத்துக்கொண்டிருக்கிறோம், யார் கேட்டாலும் கொடுப்போம், காசு வேண்டாம். தாராவி, மாட்டுங்கா, செம்பூர் வாசகர்களும், டெல்லி கரோல்பாக், ஆர்.கே. புரம் வாசகர்களும் தங்கள் பக்கத்துப் பழைய பெயர்களை எழுதி அனுப்பினால், உங்கள் பத்திரிகை வழியாகவே ஒன்றாகச் சேர்த்துவிடலாம். தங்கவயலில் ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை பக்கத்து லைன்களின் பழைய பெயர்கள்தான் எங்களிடம் இன்னும் நிறைய விட்டுப்போயிருக்கின்றன, தெரிந்தவர்கள் முதலில் அவற்றை அனுப்பட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
காக்ஸ் டவுன், பெங்களூரு